அலுமாரிக்குள் செத்துப்போன பெட்டரி

தம்பி,

சுகம் விசாரித்துத் தொடங்குகிற கடிதம் இல்லை இது. உன் சுகத்தை நீ போனில் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுகிறாய். எங்கள் சுகத்தை நாங்கள் மறைத்துவிடுகிறோம். அதனால் அந்தப் பகுதியை விட்டுவிடுவோம். அடுத்த மாதம் கொழும்பில் உனக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் உன்னைப் பெற்றவள் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். போன ஆடி மழையில் உன் அப்பாவுக்கு மூச்சு முட்டிய அன்றைக்கு நீ வாங்கிக் கொடுத்த மெஷின் ஓடவில்லை. அந்தப் பழியைப் பத்து மாதமாக நீ சுமக்கிறாய். அது உன்னுடையது இல்லை, என்னுடையது. இந்தக் கடிதத்தை ஒட்டாமல் திறந்த கவரில் போட்டு, கொழும்புக்கு வருகிற உன் சித்தப்பா கையில்தான் கொடுத்தனுப்பப் போகிறேன். ஹட்டனிலிருந்து பஸ் ஏறியதும் அவர் பிரித்துப் படிப்பார் என்று எனக்குத் தெரியும். நன்றாகப் படிக்கட்டும். உன் மேல் பழியைப் போட்டது எல்லார் முன்னாலும்தான், எடுப்பதும் அப்படியே இருக்கட்டும்.

உடனே தலையை நிமிர்த்திக்கொள்ளாதே. இந்த ஒரு விஷயத்தில் மட்டும்தான் நீ குற்றமில்லாதவன். மற்றதற்கெல்லாம் என்னிடம் தனியாக ஒரு பட்டியல் இருக்கிறது. பெண் வீட்டாரிடம் உன் அப்பா ஃபெக்டரியில் ஆபீசராக இருந்தார் என்று சொல்லியிருக்கிறாயாம். அந்தப் பிள்ளையே என்னிடம் போனில், "மாமா ஆபீஸ்லதானே இருந்தாங்க?" என்று கேட்டது. நான் என்ன சொல்ல? "ஆமாம்மா, தூசி ஆபீஸ்" என்று சிரித்துச் சமாளித்தேன். இருபத்தெட்டு வருஷம் ஃபெக்டரி சல்லடை ரூமில் நின்றவர் உன் அப்பா. வேலை முடிந்து வரும்போது புருவம், காது மயிர் எல்லாம் தேயிலைத் தூள் படிந்து செம்மண் நிறத்தில் இருக்கும். சின்ன வயதில் நீ அவர் மேல் ஏறி விளையாடிவிட்டுத் தும்முவாய். அந்தத் தூள்தான் உன்னைப் படிக்க வைத்தது, அந்தத் தூள்தான் அவர் நெஞ்சில் இழுப்பாகவும் உட்கார்ந்துகொண்டது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. சரி, அதைப் பிறகு நேரில் பேசுவோம்.

அதற்கு முந்தின தீபாவளிக்கு நீ அந்த மெஷினைக் கொண்டுவந்தாய். உள்ளங்கையில் அடங்குகிற வெள்ளை மெஷின். மருந்தை ஊற்றிப் பொத்தானை அமுக்கினால் புகை மாதிரி ஆவி வரும், மூக்கில் வைத்து இழுக்கலாம். டிஸ்பென்சரிக்கு நடக்கவும் வேண்டாம், கரண்டும் வேண்டாம், உள்ளே பெட்டரி இருக்கிறது என்று நீ விளக்கியபோது உன் அப்பா வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அன்று முழுக்க லயத்து வரிசையில் வீடு வீடாகப் போய், "மகன் மருந்துக் கடையில இருக்கான்ல" என்று எதற்கோ சொல்வது போலச் சொல்லிக்கொண்டிருந்தார். நீ கிளம்பும்போது என்னிடம் மட்டும் சொன்னாய்: "அம்மா, தினமும் எடுத்துப் பாவிங்க. பாவிக்காட்டியும் அப்பப்ப சார்ஜ் போட்டு வைங்க." நான் தலையை ஆட்டினேன். நீ பஸ் ஏறியதும் மெஷினைத் துடைத்து, அதன் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைப் பொலித்தீன் பையில் சுற்றி, நூல் போட்டுக் கட்டி அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவி என் இடுப்பில்.

ஏன் என்று கேட்பாய். நல்ல சாமானை நம் ஆட்கள் எங்கே பாவித்தார்கள்? என் கல்யாணத்துக்கு வந்த கண்ணாடிக் கோப்பைகள் ஆறும் இன்னும் அலுமாரியில்தான் இருக்கின்றன. தோட்டத்தில் கொடுத்த கம்பளிகளில் புதியது டிரங்குப் பெட்டியில், கிழிந்தது உடம்பில். நீ வாங்கிக் கொடுத்த டீவியின் ரிமோட்டுக்கு இன்றைக்கும் கவர் கழற்றவில்லை. பிள்ளைக் காம்பராவில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் யாரோ கொடுத்த விளையாட்டுச் சாமான்களை உயரத்தில் தட்டில் அடுக்கி, பிள்ளைகளைக் கீழே உட்காரவைத்து அண்ணாந்து பார்க்க வைத்தவள் நான். ஒன்றும் உடையவில்லை என்று பெருமைப்பட்டேன், எந்தப் பிள்ளையும் விளையாடவில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அதே புத்திதான். உன் அப்பா இரண்டு முறை மெஷினைக் கேட்டார். "இப்ப வாயில அடிக்கிற பம்பு போதும்ங்க, அது அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்தவர்களுக்கு மட்டும் கட்டைப் பிரித்துக் காட்டுவேன். "மகன் வாங்கிக் குடுத்தது" என்று சொல்லி, அவர்கள் தொடுவதற்குள் மறுபடி கட்டிவிடுவேன்.

அவசரம் ஆடியில் வந்தது. காற்றில் மரம் விழுந்து இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை. காலை பத்து மணி இருக்கும். உன் அப்பாவுக்கு இழுப்பு தொடங்கி, பம்பு அடித்தும் நிற்கவில்லை. உதடு கறுத்துக்கொண்டு வந்தது. அலுமாரியைத் திறந்தேன். நூலை அவிழ்க்க முடியாமல் பல்லால் கடித்து அறுத்தேன். மருந்தை ஊற்றிப் பொத்தானை அமுக்கினால் ஒன்றும் இல்லை. ஒரு சின்ன வெளிச்சம்கூட வரவில்லை. அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். உனக்குப் போன் போட்டேன். நீ சொன்னாய்: "பொத்தான சரியா அமுக்கினீங்களா? உங்களுக்கு வெளங்காதும்மா, படிச்ச யாரையாவது கூப்பிட்டுக் காட்டுங்க." பிறகு கேட்டாய்: "சார்ஜ் போட்டு வச்சிருந்தீங்கதானே?"

"போட்டேன்" என்றேன்.

தம்பி, நான் சொன்ன பொய் அந்த ஒரு சொல்தான். உங்களுக்கு விளங்காது என்று நீ சொன்ன பிறகு, ஆமாம் எனக்கு விளங்கவில்லைதான், அதைப் பூட்டி வைத்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உன் மேல் எனக்குக் கோபம். அந்த நேரத்திலும் எனக்கு ரோஷம் வந்தது பார். உன் அப்பாவைத் தேயிலைக் கொழுந்து லொறியில் சாக்குகளின் மேல் சாய்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஐந்து நாள் ஒட்சிசன் வைத்தார்கள். இரண்டாம் நாள் வார்டில் உன் சித்தப்பா கேட்டார், "அந்த மெஷினு என்னாச்சு அண்ணி?" என்று. "மகன் குடுத்தது ஓடல" என்றேன். அவர் உடனே, "கடையில விக்காம கெடந்ததா இருக்கும், காலாவதி சாமான அப்பன் தலையில கட்டிட்டான்" என்றார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். நீ மூன்று முறை போனில் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டாய். மூன்று முறையும் அவர் போனை என் மடியில் போட்டுவிட்டு வெளியே போனார். நீ புது மெஷின் அனுப்பினாய். பிரிக்காமலே திருப்பி அனுப்ப வைத்தார். பழையதைத் திருத்தலாமா என்று நான் கேட்டதற்கு, "அதுல பெட்டரிய கழட்டிப் போடுற மாதிரி இல்லம்மா, உள்ளுக்கே ஈயம் வச்சு ஒட்டியிருக்கு. மாத்த ஏலாது, தூக்கி வீசுங்க" என்றாய். முடியாது என்பதைக் கொழும்புக்காரன் மாதிரி "ஏலாது" என்று நீ சொன்னதில் எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. ஓடாததைத் தூக்கி வீசுவது உனக்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது! ஆறு மாதமாக நீ மலைக்கு வரவில்லை. கல்யாணத் தேதியைக்கூடப் போனில்தான் சொன்னாய். அதைக் கேட்டு உன் அப்பா சொன்னது: "விக்காத சாமான அப்பனுக்குக் குடுத்தவன் கல்யாணத்துக்கு நான் என்னா மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போறது? நான் வரல." அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. மணவறையில் உன் பக்கத்தில் அப்பா இல்லாமல் நீ நிற்கப் போகிறாய், அதுவும் என் ஒரு சொல்லால். உண்மையைச் சொல்லத் தைரியம் இல்லாதவள் குறுக்கு வழி தேடுவாள் இல்லையா? மெஷின் ஓடிவிட்டால் அவருடைய கோபமும் ஓய்ந்துவிடும் என்று நினைத்தேன். மெஷினைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஹட்டனுக்குப் போனேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போன் திருத்துகிற ரிஸ்வான் நானாவை உனக்குத் தெரியும், உன் முதல் போனையே அவரிடம்தான் திருத்தினாய். மெஷினை வாங்கித் திருப்பிப் பார்த்தவர், அடியில் இருந்த திருகாணியில் நகத்தை வைத்துச் சுரண்டினார். அதில் பச்சை மையில் ஒரு கோடு இருந்தது. "இது நான் போட்ட கோடும்மா. நான் தெறக்கிற எல்லாத்துக்கும் இப்படி அடையாளம் போடுவன். இத நான் ஏற்கெனவே தெறந்திருக்கன்" என்றார். இல்லை நானா, இது அலுமாரியை விட்டு வெளியே போனதே இல்லை என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "ஒரு ஐயா கொண்டு வந்தாரு. நெடுப்பமா இருப்பாரு, நீலக் கம்பளி மப்ளர், பேசப் பேச மூச்சு வாங்கும். ஆவணியில இருக்கும். பெட்டரி செத்துப் போச்சு ஐயா, மெஷின்ல ஒரு பிழையும் இல்ல, கொழும்புல இருந்து வேற பெட்டரி எடுப்பிச்சு ரெண்டு நாளையில மாத்தித் தாறன்னு சொன்னன். ஏன் செத்துச்சுன்னு கேட்டாரு. மாசக் கணக்கா சார்ஜ் போடாம சும்மா வச்சா இந்த ஜாதி பெட்டரி அடியோட செத்துரும், பொறகு சார்ஜே ஏறாதுன்னு சொன்னன். சரின்னு சொல்லி வாங்கிட்டுப் போனவருதான், திரும்ப வரல."

ஆவணி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அடுத்த மாதம். கிளினிக்குக்குப் போவதாகச் சொல்லிவிட்டு என் இடுப்புச் சாவியை எப்போது எடுத்தாரோ, எப்போது திருப்பி வைத்தாரோ. நானா ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார். அந்த மாதிரி பெட்டரி இப்போது அவரிடமே இருந்தது. மாற்றுவதைப் பக்கத்திலிருந்தே பார்த்தேன். மூடியைத் திறந்து, மீட்டர் கம்பிகளை வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மஞ்சள் டேப் சுற்றிய சின்னப் பெட்டரி, அதிலிருந்து ஒரு சிவப்பு வயர், ஒரு கறுப்பு வயர். சூட்டுக்கோலை வைத்து முதலில் ஒரு வயரை மட்டும் எடுத்து அதன் நுனியில் டேப் சுற்றினார், பிறகுதான் மற்றதைத் தொட்டார். இரண்டும் ஒன்றையொன்று தொட்டால் நெருப்பு வரும் என்றார். அதே அளவுப் புதுப் பெட்டரியை வைத்து, சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு ஈயம் வைத்து ஒட்டினார். சார்ஜ் ஏற்றி, சேலைன் தண்ணீர் ஊற்றிப் பொத்தானை அமுக்கினார். ஆவி வந்தது. "டிஸ்பென்சரி டாக்டர்கிட்ட ஒருக்கா காட்டிட்டுப் பாவிங்க. இத மட்டுமே நம்பி இருக்காதீங்க. பெட்டிக்குள்ள மட்டும் வச்சிராதீங்கம்மா" என்றார். இவ்வளவுதான் தம்பி, உன்னுடைய "மாத்த ஏலாது". என் பிளேன்டீ ஆறுவதற்குள் வயர் இரண்டும் ஒட்டியாகிவிட்டது.

டிஸ்பென்சரியில் காட்டிவிட்டு வீட்டுக்கு வந்து மெஷினை அவர் முன்னால் வைத்துப் பொத்தானை அமுக்கினேன். அவர் ஆவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திருகாணியைப் பார்த்தார்.

"ரிஸ்வான் நானா எல்லாத்தையும் சொல்லிட்டாருங்க" என்றேன்.

"ம்."

"பூட்டி வச்சு கெடுத்தது நானுன்னு ஒங்களுக்கு அப்பவே தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏங்க புள்ள மேல போட்டீங்க? பத்து மாசமா அவன் ஒங்க கால்ல விழாத கொறையா கெஞ்சுறான்."

அவர் மெஷினை அணைத்தார். மூச்சு வாங்கியது. பிறகு சொன்னார்: "ஒன் மேல கோவப்பட்டா, நான் யாரு கையால சோறு திங்கிறது? நீ இங்கன இருக்க. அவன் தூரத்துல இருக்கான். தாங்கிக்குவான்."

தம்பி, அதைக் கேட்டு எனக்கு வந்த கோபத்தில் அடுப்பில் இருந்த சட்டியைத் தூக்கி எறிந்திருப்பேன். எறியவில்லை, ஏனென்றால் நானும் அதையேதான் செய்திருக்கிறேன். வார்டில் உன் பெயரைச் சொன்னபோது நீ அங்கே இல்லை. அதனால்தான் சொல்ல முடிந்தது. நீ கட்டில் பக்கத்தில் நின்றிருந்தால் எனக்கு நாக்கு எழுந்திருக்காது. அவருக்குச் சாவு பயம், எனக்கு வெட்கம். இரண்டையும் கட்டி, வீட்டில் இல்லாதவன் தலையில் ஏற்றிவிட்டோம். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வீட்டில், ஒரே சட்டிச் சோற்றைத் தின்றுகொண்டு, ஆளுக்கொரு பக்கம் தெரிந்தும் தெரியாத மாதிரி பத்து மாதம் இருந்திருக்கிறோம். உன்னை நினைத்து நான் அழுததெல்லாம் பொய்யில்லை. ஆனால் அழுதேனே தவிர, போனை எடுத்து உண்மையைச் சொல்லவில்லை. என் மேல் எனக்கு இருக்கிற கசப்பு கொஞ்சநஞ்சமில்லை.

கல்யாணம் கட்டப் போகிறவனுக்கு அம்மா ஏதாவது சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் இருப்பது இவ்வளவுதான். வாங்குவதைப் பாவியுங்கள். உடைந்தால் உடையட்டும். அவளுக்குத் தெரியாத ஒன்றை நீ விளக்கும்போது, "உனக்கு விளங்காது" என்று மட்டும் சொல்லாதே. அந்தச் சொல்லைக் கேட்ட பெண் பொய் சொல்வாள், அதை நானே செய்து பார்த்துவிட்டேன். இனி உங்கள் வீட்டில் ஏதாவது கெட்டுப்போனால் மலையில் இருக்கிற நாங்கள்தான் தூரத்தில் இருப்பவர்கள். எங்கள் தலையில் போடுவது உங்களுக்கும் சுலபமாக இருக்கும். நாங்கள் உனக்குச் செய்ததை நீயும் எங்களுக்குச் செய்யப் பார்ப்பாய். அப்போது இந்தக் கடிதத்தை எடுத்துப் படி. அந்தப் பிள்ளையிடம் உன் அப்பா சல்லடை ரூமில் வேலை செய்தவர் என்பதையும் கல்யாணத்துக்கு முன்னாலேயே சொல்லிவிடு. சொல்லாவிட்டால் நான் வந்து மண்டபத்தில் சொல்வேன், என்னைத் தெரியுமல்லவா உனக்கு.

மெஷின் இப்போது அலுமாரியில் இல்லை. டீவிக்குப் பக்கத்தில் மேசை மேல் இருக்கிறது. காலையில் உன் அப்பா அதை வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் கதவுப் பக்கம் திரும்பி உட்கார்கிறார். முடிந்ததும் அவரே சார்ஜில் போடுகிறார், என்னைத் தொட விடுவதில்லை. நாங்கள் இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. சோறு மட்டும் என் கையால்தான் தின்கிறார்.

எழுதி முடித்ததும் இந்தக் கடிதத்தை அவருக்கு முழுதாகப் படித்துக் காட்டினேன். இனி இந்த வீட்டில் ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது என்றுதான். பூட்டி வைத்ததைப் படித்தபோது என் இடுப்புச் சாவியைப் பார்த்தார். பச்சைக் கோட்டைப் படித்தபோது இருமினார். முடித்து மடித்தபோது சொன்னார்:

"எல்லாம் சரி. அந்தச் சோத்து விஷயத்த மட்டும் வெட்டிரு. கல்யாணத்துல அவன் மூஞ்சிய நான் எப்புடிப் பாக்குறது?"

வெட்டவில்லை, தம்பி. அப்படியே அனுப்புகிறேன்.

அம்மா